கடைசிச் சுற்று

எங்கள் பட்டறையில் டிரான்ஸ்ஃபார்மரைப் பிரிப்பவர் அதன் பிளக்கைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். அப்போதுதான் உள்ளே செம்புக் கம்பியில் கை வைத்திருக்கும்போது வேறு யாரும் கரண்ட் கொடுத்துவிட முடியாது. அன்று பிளக் தம்பியின் பையில் இருந்தது. ஆனாலும், கருகிப்போய்ப் பழுதுபார்க்க வந்திருந்த டிரான்ஸ்ஃபார்மர் இரைந்தது.

அதில் வைத்த மீட்டர் 230 வோல்ட் காட்டியது.

"அக்கா, விளையாடாத."

"பிளக் உன்கிட்டதானேடா இருக்கு? நான் என்ன மந்திரமா போடுறேன்?"

ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு இரும்புத் தகடுகளை ஒவ்வொன்றாக உருவினான். உள்ளே ஒன்றையொன்று தொடாத இரண்டு கம்பிச் சுருள்கள். ஒன்றிலிருந்து மற்றதற்கு மின்சாரம் இரும்பின் தயவில்தான் போகும். இரும்பு முழுவதையும் எடுத்த பிறகும் 230. முதல் சுருளை எடுத்தான். 230. இரண்டாவதைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தான். கடைசிச் சுற்று கழன்றதும் இரைச்சல் நின்றது.

தம்பி தரையில் உட்கார்ந்து கையுறையைக் கழற்றினான். என் பக்கம் திரும்பியிருந்த மீட்டரின் இரண்டு முனைகளையும் விளையாட்டாக வெறும் விரல்களில் பிடித்துக்கொண்டான்.

"ஒழிஞ்சுதா அக்கா? இப்ப எவ்வளவு?"

230.

"ஒண்ணுமில்லடா," என்றேன்.

சிரித்தான்.

"கால் மரத்துப்போச்சு. தூக்கி விடு."

முனைகளைக் கீழே போட்டுவிட்டு என்னிடம் கையை நீட்டினான்.