ஒர்செத்தாவின் தலைவலி

"தலைவலின்னு படுத்தவ இப்படியா சிரிப்பா?"

லுனார்தோ சட்டென்று திரும்பினான். காப்பிக் கடை மேசையில் எதிரே உட்கார்ந்திருந்த பஸ்தியான், கோப்பையை ஊதிக்கொண்டே சதுக்கத்தின் மறுபக்கத்தைக் கண்ணால் காட்டினான்.

திருவிழாக் கூட்டம். முகமூடி இல்லாத முகமே இல்லை. ஆனால் ஒர்செத்தாவை அடையாளம் காண லுனார்தோவுக்கு முகம் எதற்கு? சிரிக்கும்போது தலையை ஒரு பக்கம் சாய்ப்பாளே, அது போதும். அவள் பக்கத்தில் கறுப்பு அங்கியும் வெள்ளை முகமூடியுமாக ஒருவன். அவள் கை அவன் கைக்குள் இருந்தது.

காலையில்கூட வழக்கம்போல் மாடியேறிப் போய், சாக்லேட் கோப்பையை அவள் கட்டிலருகே வைத்தான். "மண்டை பிளக்குது லுனார்தோ. இன்னைக்கு நான் எங்கயும் வரல. நீங்க போயிட்டு வாங்க" என்று முனகினாள். பாவம் என்று அவனே திரையை இழுத்து மூடிவிட்டு, காலடிச் சத்தம் கேட்காமல் இறங்கி வந்தான்.

"அவ அண்ணனா இருக்கும்" என்றான் லுனார்தோ. தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை.

"அண்ணன் தோள்ல எவளாவது இப்படிச் சாய்வாளா? எனக்கென்னப்பா, போன வாரமே பார்த்தேன். நீ நொந்துபோவியேன்னு வாயை மூடிக்கிட்டேன்."

"போன வாரமுமா?"

"மணிக்கூண்டுக்குப் பின்னால. பணியாரத்தைப் பிச்சுப் பிச்சு அவன் வாயில ஊட்டுறா. நான் பார்வையைத் திருப்பிக்கிட்டேன், என்ன பண்றது?"

லுனார்தோவின் நெஞ்சுக்குள் யாரோ தணலை அள்ளிப் போட்டதுபோல் இருந்தது. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து, ஒர்செத்தாவின் கல்யாண ஒப்பந்தத்தில் அவன் பெயரை எழுதிய நாளிலிருந்து அவன் வேறொரு பெண்ணை ஏறிட்டுப் பார்த்ததில்லை. அவள் சால்வையைச் சுமந்தான், விசிறியைச் சுமந்தான். அவள் நாய்க்குட்டிக்குச் சளி பிடித்தபோதுகூடத் தூங்காமல் கிடந்தான். வெனிஸில் ஒர்செத்தா என்றால் பக்கத்தில் லுனார்தோ. யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அந்த ஜோடி படகுத்துறையை நோக்கி நடந்தது.

"உன் இடத்துல எவனோ உக்காரப் போறான். நீ காப்பி குடி" என்றான் பஸ்தியான்.

லுனார்தோ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான்.

அந்த ஜோடி ஏறிய படகை இருவரும் வேறொரு படகில் முரானோ தீவுவரை துரத்தினார்கள். வழி முழுக்க பஸ்தியான் பேசிக்கொண்டே வந்தான். இளவயசுக்காரன் மாதிரி தெரியுதே, வெளியூர்க்காரனோ, பணக்காரனோ என்று ஒவ்வொன்றாக எடுத்து விட்டான். ஒவ்வொரு சொல்லும் லுனார்தோவின் காதில் காய்ச்சிய எண்ணெயாக இறங்கியது.

கரையோரத்துச் சத்திரத்தின் பின்முற்றத்தில் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒயின் பீப்பாய்களுக்குப் பின்னால் நின்று லுனார்தோ பார்த்தான். ஒர்செத்தா பொரித்த மீனில் முள்ளெடுத்து, முகமூடிக்கு அடியில் அவன் வாயில் வைத்தாள். பிறகு தன் விரலாலேயே அவன் உதட்டோரத்தைத் துடைத்துவிட்டாள்.

இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் தனக்கு அப்படிச் செய்ததில்லை. அழுதுவிடுவோமோ என்று பயந்தான். அந்த பயமே கோபமாக மாறியது.

"பார்த்துக்கிட்டே நில்லு. நாளைக்கு ஊரே உன்னைப் பார்த்துச் சிரிக்கும்" என்று பஸ்தியான் காதோரம் முணுமுணுத்தான்.

லுனார்தோ வாளை உருவிக்கொண்டு பாய்ந்தான். மேசை கவிழ்ந்தது. மீனும் ஒயினும் தரையில் ஓடின.

"எழுந்திருடா! அவளைத் தொட உனக்கு எவன்டா உரிமை கொடுத்தது? அவ பக்கத்துல நடக்கிறவன் நான்தான்னு கல்யாணத்தன்னைக்கே எழுதியாச்சு!"

"ஐயோ, வாளை இறக்குங்க லுனார்தோ!" ஒர்செத்தா குறுக்கே விழுந்தாள். "தலைவலின்னு பொய் சொன்னது தப்புதான். என்னை என்ன வேணா திட்டுங்க."

"திட்டவா? இவனை இங்கயே குத்திப் போடப் போறேன். முதல்ல மூஞ்சியைக் காட்டச் சொல்லு!"

"வேணாங்க, கெஞ்சிக் கேக்கறேன். உள்ள ஆளுங்க இருக்காங்க. யாராவது பார்த்துட்டா எங்க மானமே போயிடும்."

'எங்க' என்று அவள் சொன்னதுதான் அவனைக் குத்தியது. வாள் முனையை முகமூடியின் விளிம்புக்குள் விட்டு ஒரே நெம்பாக நெம்பினான். அது பறந்துபோய்ப் பீப்பாயில் மோதி விழுந்தது.

பின்னால் பஸ்தியான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். காப்பிக் கடையிலிருந்தே அடக்கி வைத்திருந்த சிரிப்பு அது.

லுனார்தோவின் கை தானாகத் தாழ்ந்தது. தினமும் இரவுச் சாப்பாட்டில் ஒர்செத்தாவின் மேசையில் தனக்கு எதிரே உட்காரும் மனிதர். நேற்றுகூட உப்பை எடுத்து நீட்டியவர்.

அந்த மனிதர் காதுவரை சிவந்துபோய் எழுந்தார். வாத்தியாரிடம் அகப்பட்ட பையனைப் போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

"மன்னிச்சிடுங்க லுனார்தோ. ஊர் வழக்கப்படி, வெளிய போக வர அவளுக்குத் துணைன்னு கல்யாண ஒப்பந்தத்துல எழுதினது உங்க பேரைத்தான். நான் போனா எல்லாரும் சிரிப்பாங்கன்னு தெரியும்."

ஒர்செத்தாவின் விரல்களை அவர் மெல்லப் பற்றிக்கொண்டார்.

"ஆனா, கட்டின பொண்டாட்டியோட ஒரு நாளாவது கைகோத்து நடக்கணும்னு எனக்கும் ஆசை இருக்காதா?"