கத்தரிப்பூ நிறம்

“ஊர்த் தண்ணியெல்லாம் சோதிக்கிற டாக்டரம்மா, எங்க கெணத்தையும் சந்தேகப்படுவியாக்கும்?” கல்யாணமான புதிதில் ஜெரோம் சீண்டினான். “சேச்சே, நல்ல தண்ணின்னா நம்ம கெணறுதாங்க” என்று சிரித்தாள், நிலத்தடி நீரை ஆராயும் அறிவுச்செல்வி.

அந்த நம்பிக்கையில்தான் இன்று அவனுக்குச் சோதனையைச் செய்துகாட்டுகிறாள். கிணற்றடிக் கல்லில் இரண்டு கண்ணாடிக் குழாய்கள் காலை வெயிலில் மினுங்குகின்றன. தோல் ஆலைப் பக்கத்துத் தண்ணீரில் மருந்துச் சொட்டு விழுந்ததும் கத்தரிப்பூ நிறம் பரவுகிறது. தோல் பதனிடும் குரோமிய நஞ்சு கலந்திருந்தால் அப்படித்தான். வித்தியாசம் தெரியட்டுமென்று வீட்டுத் தண்ணீரிலும் ஒரு சொட்டு விடுகிறாள். அதிலும் அதே நிறம் மெல்லப் படர்கிறது. வேறு குழாயில் வீட்டுத் தண்ணீரை எடுத்து மறுபடி விடுகிறாள். மறுபடியும் கத்தரிப்பூ. மல்லிகைப் பாத்திகளுக்குள் தண்ணீர் சலசலத்து ஓடுகிறது. ஜெரோம் தண்ணீர்ச் செம்பை வாயருகே கொண்டுபோய் நிறுத்துகிறான். “என்ன செல்வி, ரெண்டும் ஒண்ணுபோல இருக்கு? மருந்து கெட்டுப்போச்சா?” அவள் கை தானாக ஏழு மாத வயிற்றைப் பொத்துகிறது. ஆலைப் பக்கத்து ஊர் வேண்டாமென்று சொல்ல வந்து, அவனுடைய மல்லிகைத் தோட்டத்தைப் பார்த்துப் பார்த்தே இத்தனை காலம் விழுங்கிய சொல் வெளியே வருகிறது.

“செம்பக் கீழ வைங்க. திண்டுக்கல்லுக்குள்ள ஒரு வீடு பாருங்க. நாம இங்க இருக்க வேணாம்.”