இரண்டு தட்டு

மேலேயிருந்து இரண்டு தட்டு கேட்டது. நான் வண்டியை எடுக்கவில்லை.

தலைக்கு மேலிருக்கும் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். டிராக்டரின் பின்னால் ஏழு மீட்டர் உயரத்தில் நிற்கும் கூண்டில் அப்பா. இரண்டு கையையும் மேலே தூக்கியிருந்தார். குறுக்குக் கம்பியில் தொங்குகம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார்.

தட்ட அவருக்கு மூன்றாவது கை கிடையாது.

ஜெர்மனியில் எங்கள் ஹாலர்டா பக்கம், பீருக்குக் கசப்பேற்றும் ஹாப்ஸ் கொடி முளைவிடும் முன்பே, மார்ச் மாதக் குளிரிலேயே, அது பிடித்து ஏறக் கம்பிகளைத் தொங்கவிட்டாக வேண்டும். மேலே ஒருவர் கட்டுவார். கட்டி முடித்ததும் கூண்டின் இரும்பில் இரண்டு முறை தட்டுவார். கீழே இருப்பவர் வண்டியை அடுத்த இடத்துக்கு நகர்த்த வேண்டும். இன்ஜின் ஓடும்போது கத்தினால் கேட்காது. ஆனால் தட்டு இரும்பு வழியாகவே இறங்கி வந்து முதுகில் படும்.

அப்பா கட்டி முடித்தார். கையை இறக்கினார். தட்டினார்.

இப்போதும் நான் நகரவில்லை. எது அவருடைய தட்டு என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் குனிந்து கத்துவது அரைகுறையாகக் காதில் விழுந்தது. "என்னடி ஸென்ஸி, மேல நின்னு நான் என்ன பேண்டு செட்டுக்கா தட்டிட்டிருக்கேன்?"

நகர்த்தினேன்.

போன வருஷம் இந்தக் கூண்டில் என் அண்ணன் கொர்பீனியன் நின்றான். கம்பியைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தான். வண்டி நகர்ந்தது. கம்பி அவனை வெளியே இழுத்துப் போட்டது.

அவன் இரண்டு தட்டு தட்டினான், அதனால்தான் எடுத்தேன் என்று போலீஸிடம் சொன்னேன். பாதிரியாரிடம் சொன்னேன். அம்மாவிடம் சொன்னேன்.

எல்லோரும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். திட்டு அவனுக்குத்தான் விழுந்தது.

பீர் ஆலையிலிருந்து வந்த மாலையைச் சவப்பெட்டி மேல் சரிசெய்துகொண்டே அம்மா அவனிடம் கேட்டாள்: "கட்டி முடிக்காம எதுக்குடா தட்டினே? அப்படி என்னடா அவசரம் உனக்கு?"

அடுத்த இடத்தில் அப்பா கையைத் தூக்கினார். கம்பியைத் தொடக்கூட இல்லை.

இரண்டு தட்டு.

இன்ஜினை நிறுத்தினேன்.

வயல் முழுக்க மொட்டைக் கம்பங்கள். காற்றுகூட இல்லை. அந்த அமைதியில் மறுபடியும் இரண்டு தட்டு, கணீரென்று, கூண்டின் இரும்பில்.

அப்பா சூடு பட்டவர் போலக் கையை உதறிக்கொண்டார். கூண்டையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நான் தட்டல," என்றார்.



அவர் முகம் மெல்ல மாறியது. ஒரு வருஷமாக நான் பார்க்காத முகம். மூக்கைக் கையுறையால் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"அவன்தான். அவசரக்குடுக்கை, செத்தும் அடங்கல பாரு."

"அப்பா, இறங்கிடுங்க."

"எதுக்கு இறங்கணும்? வண்டியை ஸ்டார்ட் பண்ணு. இனிமே நான் தட்டமாட்டேன். அவன் தட்டட்டும், நீ போ. நாங்க அப்பனும் புள்ளையுமா கட்டி முடிச்சிடுறோம்."

சாவியைத் திருப்பினேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

அப்பா புதுக் கம்பியை எடுத்தார். கொர்பீனியன் செய்வதுபோலவே அதைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார். எட்டிக் குறுக்குக் கம்பியைப் பிடித்தார்.

முதுகில் வந்து பட்டது. ஒன்று. இரண்டு.

அப்பா கீழே பார்த்து, போ என்று தலையை ஆட்டினார். கை இன்னும் கம்பிக்குள்தான் இருந்தது. அவர் அப்படியே சிரித்துக்கொண்டிருந்தார்.

இன்ஜினை அணைத்தேன். சாவியை உருவிக்கொண்டு கீழே குதித்தேன்.

"அது அவன் தட்டினது இல்லப்பா!"

"பின்ன யாரு?"

"எனக்குத் தெரியல. ஆனா அன்னைக்கு அவன் தட்டவே இல்ல. ஒரு தட்டுகூட. நான்தான் அப்படிச் சொன்னேன்."

ஒரு கம்பி கட்ட எட்டு எண்ணிக்கை ஆகும். நாள் முழுக்க அதே வேலை. மதியத்துக்கு மேல் யாரும் தட்டுக்காகக் காத்திருப்பதில்லை. எட்டு வந்ததும் கால் தானாகவே கிளட்சை விட்டுவிடும். அன்று எனக்கு எட்டு வந்துவிட்டது. கொர்பீனியனுக்கு இன்னும் முடியவில்லை.

அதையும் சொன்னேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று தெரியாது. பக்கத்து வயலில் கம்பி இழுத்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்பா கையிலிருந்த கம்பியைப் பிரித்தார். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. அதைக் கீழே போட்டுவிட்டு எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி, ஏணியில் காலை வைத்தார்.

இறங்க வெகுநேரம் ஆனது. அவர் முகம் எப்படி இருக்கிறது என்று கீழேயிருந்து தெரியவில்லை. பூட்ஸ் மட்டும்தான் தெரிந்தது. ஒவ்வொரு படியாக, என்னை நோக்கி.