நகலில்தான் மாற்றினேன்

காப்பீட்டு அலுவலகத்துப் புரோகிராமர் திரையை மறுபடி பார்த்தாள். சோதனைக்காக, இறந்ததாக அவள் சும்மா குறித்த வாடிக்கையாளர், நிஜப் பதிவிலும் இறந்திருந்தார்.

"நகல்லதானே சார் மாத்தினேன்?"

"நீ எடுத்தது நகல் இல்லம்மா. அதே ஆப்ஜெக்ட்டுக்கு, அதாவது அதே பதிவுக்கு, இன்னொரு பேர் வெச்சிருக்க. இங்க தொட்டா டேட்டாபேஸ்லயும் மாறும்" என்றார் டீம் லீடர். "திருத்திடலாம். ஆனா வீட்டுக்கு இரங்கல் செய்தி தானா போயிருக்கும். மரணக் காரணம்னு என்ன போட்ட?"

அதற்குள் அவள் செல்போன் அடித்தது. மாமியார்.

"நான் செத்துட்டேன்னு உங்க ஆபீஸ்லேருந்து செய்தி வந்திருக்கும்மா." குரல் நிதானமாக இருந்தது. "காரணம், வாய்க்கொழுப்பாம். நீ வீட்டுக்கு வா, பேசிக்கலாம்."