ரெண்டு பிராது

"ஏனுங்க பெனடிக்ட், என்ற ஊட்டுக்காரரும் உங்க சம்சாரமும் கல்யாணம் பண்ணிட்டாங்க. இனி நம்மள எதுக்குங்க பாக்க வரப்போறாங்க?" என்றாள் ரூத்.

"வருவாங்க அம்மணி. நம்மளப் பாக்க வந்த எடத்துலதானே அவங்களுக்குப் பழக்கமே ஆச்சு!"

அதற்குள் கார் வந்து நின்றது. புதுத் தம்பதியும் பிள்ளைகளுமாக நாலு பேரும் இறங்கினார்கள். ரூத்தின் மகள் ஆஷ்லி செவ்வந்திப் பூவோடு ஓடிவந்தாள். ஆனால் அம்மாவைத் தாண்டி, பெனடிக்ட்டிடம் போய் நின்றாள்.

"அங்கிள், உங்க பையன் என்ற சைக்கிளை ஒடச்சுப்போட்டான். கேளுங்க!"

பெனடிக்ட்டின் மகன் கிறிஸ்டோ நேரே ரூத்திடம் வந்தான். "பொய்யுங்க ஆன்ட்டி! உங்க பொண்ணுதான் கொண்டுபோய் மரத்துல முட்டுனா."

முறைத்துக்கொண்டே இருவரும் ஆளுக்கொரு கல்லறையில் பூவை வைத்து, மெழுகுவத்தி ஏற்றினார்கள்.

ரூத்தும் பெனடிக்ட்டும் சிரித்த சிரிப்பில், காற்றே இல்லாத அந்த மத்தியானத்தில், இரண்டு மெழுகுவத்திகளும் பொசுக்கென்று அணைந்தன.