பேருந்தை மறித்தவள்

ஊன்றுகோலோடு நிற்கும் தன் தம்பியைக் கண்டால் பேருந்து நிற்காமல் போவதை இரண்டு மாதம் பொறுத்துக்கொண்ட குமுதவல்லி, ஒரு காலையில் சாலை நடுவே போய்க் கைகளை விரித்து நின்றாள். ஓட்டுநரைப் பார்த்துக் கத்தினாள். போக்குவரத்து அரை மணி நேரம் நின்றுபோனது. பொது இடத்தில் தொல்லை கொடுத்ததாக அவள்மேல் வழக்குப் போட்டார்கள்.

அவள் நீதிமன்றத்துக்குள் வருவது இதுதான் முதல் முறை. “குற்றத்தை ஒத்துக்கிறேன்னு சொல்லிடும்மா. சின்ன அபராதம்தான், பத்து நிமிஷத்துல வீட்டுக்குப் போயிடலாம்” என்று வக்கீல் சொல்லியிருந்தார். அதை மனப்பாடம் செய்துகொண்டுதான் அவளும் கூண்டில் ஏறினாள்.

“பஸ்ஸை மறிச்சது உண்மையா?” என்றார் மாஜிஸ்திரேட்.

“உண்மைதாங்க ஐயா.”

“கத்தினது?”

“அதுவும் உண்மைதாங்க.”

“அப்போ குற்றத்தை ஒத்துக்கிறீங்க?”

அவள் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். “செஞ்சதை ஒத்துக்கிறேங்க ஐயா. குத்தம்னு ஒத்துக்க முடியல.”

மாஜிஸ்திரேட் விசாரணையைப் பதினான்காம் தேதிக்குத் தள்ளிவைத்தார்.

வெளியே வந்ததும் வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். “இனிமே எத்தனை தடவை அலையணும் தெரியுமா?”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே அவள் கேட்டாள்: “பதினாலாம் தேதி எத்தனை மணிக்கு வரணும் சார்?”