மகள் அறை ஜன்னலில் கொடி

மொட்டு கண் திறப்பதற்குள் கொடியை இடம் மாற்றியே ஆக வேண்டும் என்று மனைவி ஒற்றைக்காலில் நின்றாள். வருடாவருடம் அது மகள் அறை ஜன்னலை மூடிவிடும். முழங்கால் உயரத்துக்கு வெட்டி, வேர்மண் உதிராமல் சாக்கில் சுற்றி, பின்வேலியோரம் நட்டேன். என் வேலையில் குறை சொல்ல முடியாது.

நான்காம் நாள் காலை அந்த ஜன்னல் திறக்கவில்லை. கொக்கியைப் பச்சைச் சுருள் ஒன்று இறுக்கியிருந்தது. வேலிக்கு ஓடினேன். நட்ட கொடியில் ஒரு துளிர்கூட இல்லை. ஜன்னலுக்கு வெளியே சுவரும் துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

"வெளியிலேர்ந்து வரலைங்க. உள்ளேர்ந்துதான் போயிருக்கு," என்றாள் மனைவி. "அப்போ வேர் எங்க?"

சுருளைப் பிடித்துக்கொண்டே போனேன். அது கட்டிலில் ஏறியது.

மகள் மெல்லக் காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.